சூரியனை முதுகில் வைத்து

நான் ஒரு கடல் நாவல் எழுதியிருக்கிறேன் என்று சொன்னால் குமுளியில் முதலில் சிரிப்பார்கள், பிறகுதான் அட்டையைத் திருப்பிப் பார்ப்பார்கள். சிரிப்பதில் தப்பில்லை. சுற்றுலா வருகிறவர்களுக்கு ஏலக்காயும் மிளகும் சாக்லேட்டும் நிறுத்துக் கொடுக்கிற கடையில் நிற்கிறவள் நான். பிறந்து வளர்ந்தது தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளிகளின் வரிசை வீடுகளில். கடலைப் பார்த்தது ஒரே ஒரு முறை, பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவில், ஆலப்புழையில். அன்றைக்குச் சாயங்காலம் சூரியன் தண்ணீருக்குள் இறங்குவதைப் பார்த்து நாங்கள் எல்லோரும் கத்தினோம். ஒருத்தி அழுதேவிட்டாள். டீச்சர் ஆளுக்கொரு ஐஸ் வாங்கிக் கொடுத்து எங்களைப் பஸ்ஸில் ஏற்றினார்.

அந்த ஒரு சாயங்காலத்தை வைத்துக்கொண்டு முழு நாவல் எழுத எனக்கு எப்படித் தைரியம் வந்தது என்று இப்போது யோசித்தால் காது சூடாகிறது. பெரியவர்களுக்கான நாவல்கூட இல்லை, பதினைந்து பதினாறு வயதுப் பெண்பிள்ளைகளுக்கானது. எங்கள் மலையிலிருந்து சுற்றுலா போன நாலு மாணவிகள். கரையில் கட்டியிருந்த ஃபைபர் படகில் விளையாட்டுக்கு ஏறுகிறார்கள். கயிறு அவிழ்ந்துவிடுகிறது. அதற்கப்புறம் மழை, பசி, தாகம், சண்டை, சமாதானம். படகில் கிடந்த தார்ப்பாயில் மழைத்தண்ணீர் பிடித்துக் குடித்து உயிரை வைத்திருக்கிறார்கள். கடைசியில் ஒரு சாயங்காலம் மேகம் விலகிச் சூரியன் தெரிகிறது. அவர்களில் ஒருத்தி, “சூரியனை முதுகில் வைத்துத் தள்ளுங்கடி” என்கிறாள். பலகைகளைத் துடுப்பாக்கித் தள்ளுகிறார்கள். காற்று முகத்தில் அறைகிறது. களைத்துப்போய் ஒருத்தி மேல் ஒருத்தி சரிந்து தூங்குகிறார்கள். விடியும்போது படகு மணலில் தட்டி நிற்கிறது.

எல்லாம் நடப்பது நாகப்பட்டினம் பக்கத்துக் கடலில், ஐப்பசி மழைக்காலத்தில். நாகப்பட்டினத்தை நான் பார்த்ததே இல்லை. ஆனால் ஒரு வீம்பு. இங்கே கேரளாவில் எங்களைத் தமிழர்கள் என்பார்கள். மலையிறங்கித் தமிழ்நாட்டுக் கம்பத்துக்குப் போனால் அங்கே நாங்கள் கேரளாக்காரர்கள். தமிழில் எழுதுகிறோம், கடலாவது தமிழ்நாட்டுக் கடலாக இருக்கட்டும் என்று நினைத்தேன். பதிப்பாளரும் அதுதான் நல்லது என்றார். இரண்டு பேரும் கடலைப் பற்றி அதற்கு மேல் யோசிக்கவில்லை.

புத்தகம் எவ்வளவு விற்றது என்று கேட்காதீர்கள். ஆனால் அதை மனப்பாடமாக வைத்திருந்த ஒரு பிள்ளை எனக்குக் கிடைத்தாள். நான் வளர்ந்த அதே லயத்துக்காரி, ஒன்பதாவது படித்தாள். அம்மா கொழுந்து எடுக்கப் போகிறவர். சனிக்கிழமைகளில் அந்தப் பெண் கடைக்கு வருவாள், ஒன்றும் வாங்க மாட்டாள், கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று என் நாவலைப் பற்றி என்னிடமே பேசுவாள். யாருக்குக் கசக்கும்? சரக்கு நிறுக்கிற கை நின்றுவிடும். முதலாளி கனைத்த பிறகுதான் எனக்கு வாடிக்கையாளர் ஞாபகம் வரும்.

அவள் கடலைப் பார்த்ததில்லை. அவள் வகுப்பு போக வேண்டிய வருஷம் மலை இடிந்து ரோடு போய், சுற்றுலாவை ரத்து செய்துவிட்டார்கள். அதனால், பக்கத்து ஊர் நூலகத்தில் வாசிப்புப் போட்டி என்று அறிவித்து, ஜெயிக்கிறவர்களைக் கடற்கரையில் நடக்கிற முகாமுக்கு அனுப்புவோம் என்றதும் அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பிடித்த புத்தகத்தைப் பற்றிப் பேச வேண்டும், நடுவர் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். போட்டியை எங்கள் பிள்ளைகள் மலையாளத்தில் மல்சரம் என்பார்கள்.

“அக்கா, நான் மல்சரத்துல உங்க புத்தகத்தத்தான் சொல்லப் போறேன். எப்படியும் கடலப் பாத்துருவேன்.”

“பாத்துரலாம்” என்றேன், ஏதோ கடல் என் கடைச் சரக்கு மாதிரி.

போட்டிக்கு முந்தின வாரம் ஒரு சார்ட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். படகு போன வழியையெல்லாம் வரைந்திருந்தாள். நீலம் அழகாகத் தீட்டியிருந்தது. கடையில் அன்று ஒரே கூட்டம், ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கியிருந்தார்கள்.

“அக்கா, கடைசி அத்தியாயத்துல ஒன்னு கேக்கணும்.”

“அப்புறம் கேளுடி, இப்ப ஏலக்காய்க்கு நிக்கிறாங்க.”

அவள் கூட்டத்துக்கு வழி விட்டு ஒதுங்கினாள். பிறகு, “சரிக்கா, நானே யோசிச்சு வச்சுருக்கேன்” என்று சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். படம் நன்றாயிருக்கிறது என்று மட்டும் அவள் முதுகைப் பார்த்துக் கத்தினேன். உண்மையில் அந்த நீலத்துக்கு மேல் நான் எதையும் பார்க்கவே இல்லை.

போட்டியன்று என்னை மேடைக்குக் கீழே முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். எழுதியவளே வந்திருக்கிறாள் என்று அறிமுகம் வேறு. நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பேசுகிற இடத்துக்கு எதற்குப் பட்டுப்புடவை என்று இன்று கேட்டால் பதில் இல்லை.

அவள் பேச்சை எப்படிச் சொல்வேன்! சார்ட்டை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு பேசினாள், நான் எழுதியதைவிட நன்றாக இருந்தது. தண்ணீர் பிடித்த கட்டத்தில் கூடத்தில் இருந்தவர்கள் தண்ணீர் பாட்டிலைத் தேடினார்கள். முடித்ததும் நடுவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். கம்பத்திலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மனுஷர் நல்லவர்தான்.

“நல்லாப் பேசுன பாப்பா. ஒரே ஒரு கேள்வி. நாகப்பட்டினத்துக் கரையில நின்னா கடல் எங்கிட்டு இருக்கு?”

“கிழக்கால சார்.”

“அப்ப நடுக்கடல்ல இருக்கவங்களுக்குக் கரை?”

“மேக்கால.”

“சாயங்காலம், சூரியன முதுகுல வச்சுத் தள்ளுறாங்க. படகு எங்கிட்டுப் போகும்?”

நான் மடியில் விரலால் திசை போட்டுப் பார்த்தேன். சாயங்காலச் சூரியன் மேற்கே. அதை முதுகில் வைத்தால் முகம் கிழக்கே. ஆலப்புழையில் என்றால் கரைக்கு வந்திருப்பார்கள். நாகப்பட்டினத்தில் நடுக்கடலுக்கல்லவா போவார்கள்! பேச்செல்லாம் தமிழ், கண்ணில் இருந்த கடல் மட்டும் கேரளாக் கடல். நாலு பிள்ளைகளையும் களைத்து விழும்வரை பாடுபட வைத்துச் சாவை நோக்கித் தள்ள விட்டிருக்கிறேன். அதை எழுதி, அச்சடித்து, கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

மேடையில் அவள் திரும்பிக் குனிந்தாள். பதில் தெரியாமல் தவிக்கிறாள் என்று நினைத்தேன். என்னால் உட்கார முடியவில்லை.

எழுந்து நின்று, “ஐயா, பிள்ளையைக் கேட்காதீர்கள், தப்பு என்னுடையது” என்றேன்.

அதோடு உட்கார்ந்திருந்தால் பாதி அவமானத்தோடு போயிருக்கும். நான் உட்காரவில்லை. வாயைத் திறந்தால் மூடத் தெரியாத ஜென்மம். ஆலப்புழையைச் சொன்னேன். ஐஸ் வாங்கிக் கொடுத்ததைச் சொன்னேன். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சேராத எங்கள் பிழைப்பைச் சொன்னேன். கூடம் சிரித்தது, பிறகு உருகியது. தப்பை ஒத்துக்கொள்ள ஒரு மனசு வேண்டும் என்று நடுவரும் எழுந்து பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கண் கலங்கியது. எவ்வளவு நல்லவளாக இருக்கிறேன் என்று எனக்கே என் மேல் ஒரு பிரியம் வந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் அது வந்தது உண்மை.

மணி அடித்தார்கள், அவளுடைய நேரம் முடிந்துவிட்டது.

அப்போதுதான் அவளைப் பார்த்தேன். அவள் குனிந்தது மேஜைக்கடியில் விழுந்திருந்த ஸ்கேலை எடுக்க. சார்ட்டின் மேல் ஸ்கேலின் முனையை வைத்தபடி, வாய் பாதி திறந்தபடி நின்றுகொண்டிருந்தாள். நடுவர் அன்பாக, “போதும்மா, உக்காரு” என்றார். உட்கார்ந்தாள். கேள்விக்குப் பதில் வராததால் அதற்கு மார்க் இல்லை. பரிசு வேறொரு பெண்ணுக்குப் போனது. அந்தப் பெண் கடலுக்குப் போவாள்.

பஸ் ஸ்டாப்பில் இரண்டு பேரும் நின்றோம். மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் சார்ட்டைத் துப்பட்டாவுக்குள் நனையாமல் பிடித்திருந்தாள். நான்தான் ஆரம்பித்தேன்.

“நீ மாட்டிக்கக் கூடாதுன்னுதாண்டி எந்திரிச்சேன்.”

“எனக்குப் பதில் தெரியும்க்கா.”

“என்ன பதில்?”

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அவங்க நாலு பேரும் நம்ம பிள்ளைங்கதான. சூரியன் கடல்லதான் விழும்னு நினைச்சுக்கிட்டு இருப்பாங்க. அதான் தப்பான பக்கம் தள்ளுறாங்க. ஆனா காத்து மூஞ்சில அடிக்குதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்ப காத்து கிழக்கருந்துதான வருது? ஐப்பசியில அங்க அப்படித்தான் அடிக்குமாம், எங்க ஸ்கூல் சார்கிட்ட கேட்டேன். அவங்க தள்ளுற வரைக்கும் படகு கரைக்கு வரல. களைச்சுத் தூங்குனதும் காத்து கொண்டுவந்து விட்டுருச்சு. அவங்க தள்ளுனதால பிழைக்கலக்கா. தூங்குனதாலதான் பிழைச்சாங்க.”

காற்றை நான் சும்மா ஒரு பரபரப்புக்கு அடிக்க விட்டேன். தூக்கம் அத்தியாயத்தை முடிக்கத் தெரியாமல் போட்டது. இந்தப் பிள்ளை அவை இரண்டையும் பொறுக்கியெடுத்து நாலு பேரையும் கரை சேர்த்திருக்கிறாள். ஒரு வாரத்துக்கு முன்னால் இதைச் சொல்லத்தான் வந்து நின்றாள், நான் ஏலக்காய் நிறுத்துக்கொண்டிருந்தேன்.

“நான் உன்னக் கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன். வர்ற லீவுக்கே போவோம்” என்றேன்.

“வேணாம்க்கா.”

“ஏன்டி?”

“ஜெயிச்சுப் போறேன்னு அம்மாட்ட சொல்லியிருந்தேன்.”

பஸ் வந்தது. அவள் முன்னால் ஏறிப் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது. நான் கம்பியைப் பிடித்து நின்றபடியே வந்தேன். பட்டுப்புடவையின் கரை முழுக்கச் சேறு.

அடுத்த வாரம் அவள் அம்மா கடைக்கு வந்தார். வேலை முடிந்த கையோடு வந்திருந்தார், தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை. ஒரு பையில் அவரைக்காய், லயத்துக்குப் பின்னால் போட்ட கொடியில் காய்த்தது. திட்ட வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

“உங்களுக்கு ஒரு நன்றி சொல்லணும்னு வந்தேன். பதிலு மறந்துபோயி நின்னாளாம்ல? நீங்கதான் எந்திரிச்சுப் பேசிக் காப்பாத்தி விட்டீங்களாம். இல்லைன்னா அத்தன பேரு முன்னால மானம் போயிருக்கும்னு சொன்னா.”

உண்மையை அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தப் பெண் அம்மாவிடம் பொய் சொன்னது தெரிந்துவிடுமே என்று எனக்கு நானே ஒரு சாக்கு வைத்துக்கொண்டேன். அத்தனை பேர் முன்னால் எழுந்து வீரமாக உண்மை பேசியவள், ஒரே ஒரு ஆள் முன்னால் அவரைக்காய்ப் பையை வாங்கி உள்ளே வைத்தேன். பதிலுக்கு ஏலக்காய் கொடுக்கப் போனேன். அவர் வேண்டாம் என்று கையை விரித்துக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அந்த அவரைக்காயைப் பொரியல் செய்தேன். தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. இறங்கியது, நன்றாகவும் இருந்தது. அதுவும் சேர்ந்துதான் வெட்கமாக இருந்தது.

சில மாதம் கழித்துப் பதிப்பாளர் கூப்பிட்டார். இரண்டாம் பதிப்பு போடலாம் என்றார். யாரோ வாசகர் திசைத் தப்பைச் சுட்டிக்காட்டியிருக்கிறாராம். “பெரிய வேலை இல்ல. முதுகுன்னு இருக்குறத முகம்னு மாத்திட்டாப் போதும். சூரியனப் பாத்துத் தள்ளட்டும், கரை வந்துரும்” என்றார். சரி என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஒரு நாள் அவகாசம் கேட்டேன்.

மறுநாள் லயத்துக்குப் போனேன். அவள் வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கடைக்கு அவள் வருவதை நிறுத்தியிருந்ததால் பார்த்து வெகு நாள் ஆகியிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். மாற்றட்டுமா, இல்லை அவள் கண்டுபிடித்ததை அவள் பெயரைச் சொல்லியே சேர்க்கட்டுமா என்று கேட்டேன். தப்பை மாற்றினால் அவள் பதிலும் சேர்ந்து போய்விடும் என்பது வருகிற வழியில்தான் எனக்கு உறைத்திருந்தது.

அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

“ஒன்னும் மாத்தாதீங்கக்கா. ஒன்னும் சேக்கவும் வேணாம். அப்படியே இருக்கட்டும்.”

“படிக்கிறவங்க எல்லாம் என்னப் பாத்துத்தான்டி சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும்.” ஒரு குண்டாவை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினாள். “இந்த வருசமும் மல்சரம் இருக்கு. நான் அதே புத்தகத்தத்தான் சொல்லப் போறேன். அந்த சார் திரும்பவும் அதே கேள்வியக் கேப்பாரு.”

“கண்டிப்பாக் கேப்பாரு” என்றேன். எனக்கு மூச்சு வந்தது. மன்னித்துவிட்டாள் என்றே நினைத்து, “முதல் வரிசையில வந்து உக்காந்துக்கிறேன், வாயத் தொறக்க மாட்டேன்” என்றேன்.

அவள் கழுவிய குண்டாவைக் கவிழ்த்து வைத்தாள். சிரிக்கவில்லை, கோபமும் இல்லை.

“நீங்க மட்டும் வந்துராதீங்கக்கா” என்றாள்.