முப்பத்தாறாம் நம்பர் கால்

எங்கள் மலையடிவாரக் காரகோல் ஊரில் அனார்குலைத் தெரியாதவர்கள் இருக்கலாம். ஆனால் அவளுடைய சூப்புப் பானை பனிச்சரிவில் தனியாகக் கிளம்பிப் போன கதையைக் கேட்காதவர்கள் கிடையாது. போன கோடையில், கணவாய்க்குச் சற்று மேலே, பானையைத் தூக்கிக்கொண்டு கூடாரத்துக்கு வந்தவள் சறுக்கி உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். பானை நிற்கவில்லை. மூடியோடு சறுக்கிக்கொண்டு ஏரியைப் பார்த்துப் போனது. பகல் முழுக்க மலையேறிப் பசித்துக் கிடந்த வெளிநாட்டுக்காரர்கள் ஆளுக்கொரு கரண்டியோடு அதன் பின்னால் ஓடினார்கள். "ஒரு சொட்டு சிந்தலையாக்கும்" என்று அனார்குல் இன்றைக்கும் சொல்வாள். பாதிக்கு மேல் சிந்திவிட்டது.

சறுக்கியதற்குக் காரணம் அவள் கலோஷ். மழையிலும் சேற்றிலும் எங்கள் பெண்கள் போடுகிற, கறுப்பாய்ப் பளபளக்கும் ரப்பர் ஜோடு. வீட்டு முற்றத்துக்கு அது போதும். கோழிக்குத் தீனி போடலாம், பசுவைக் கறக்கலாம். அதைப் போட்டுக்கொண்டு பனிக் கணவாயைத் தாண்டுகிற சமையற்காரி உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும்.

ஐம்பதைத் தாண்டிய அனார்குல் ஏன் கோடைதோறும் மலையேறுகிறவர்களுக்குச் சமைக்கப் போகிறாள் என்று கேட்டால், காசுக்காக என்பாள். பொய். பாத்மாவுக்காகத்தான் போகிறாள். அதாவது பாத்மாவிடமிருந்து தப்பிக்க. பாத்மா அவள் கணவனின் அண்ணன் மனைவி. அடுத்த வீடு. தங்கமான மனுஷி, கேட்டால் கேட்டதைக் கொடுப்பாள், கேட்காவிட்டாலும் பேசுவாள். கோடை பிறந்து ஆப்ரிகாட் பழம் பழுத்ததும் குடும்பத்துப் பெண்கள் எல்லாம் பாத்மாவின் முற்றத்தில் கூடி, பெரிய அண்டாவில் ஜாம் காய்ச்ச வேண்டும். ஜாம் கொதிப்பது ஒருபக்கம், பாத்மாவின் பித்தப்பையில் கல் வந்த வரலாறு கொதிப்பது இன்னொரு பக்கம். கல் எடுத்து வெகுகாலம் ஆகிவிட்டது, கதை மட்டும் இன்னும் ஆஸ்பத்திரியைவிட்டு வெளியே வரவில்லை. மலையில் காற்று இருக்கிறது, குதிரை இருக்கிறது, பாஷை தெரியாத வெளிநாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். யாரும் அவளிடம் பேச முடியாது. அந்த நிம்மதிக்கு அனார்குல் எத்தனை மூட்டை வெங்காயம் வேண்டுமானாலும் உரிப்பாள்.

இந்த வருஷம் அதற்குத்தான் ஆபத்து வந்தது. மலையேற்றக்காரர்களை அனுப்பிவைக்கும் அலுவலகத்துப் பெண் மெரிம் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"அக்கா, கலோஷோட இனிமே உங்களை மேல ஏத்த மாட்டேன். கணுக்காலை மூடுற பூட்ஸ் வேணும். தண்ணி உள்ள போகக் கூடாது. கெளம்புறதுக்கு மொத நாள் நானே பாப்பேன். இல்லைன்னா சமைக்க ஜில்திஸ் வர்றேன்னு சொல்லிருக்கா."

"ஜில்திஸா? அவ வெந்நி வச்சாலே அடிப் பிடிக்குமேடி!"

"அடிப் பிடிச்சாலும் அவ காலு வழுக்காதுக்கா."

பூட்ஸ் வாங்குவதில் என்ன கஷ்டம் என்று நீங்கள் நினைக்கலாம். கஷ்டம் நம்பரில் இருந்தது. அனார்குல் புது மருமகளாக வந்தபோது, தேநீர் குடிக்க வந்தவர்களிடமெல்லாம் மாமியார் அவள் காலைக் காட்டி, "பாருங்க, முப்பத்தாறாம் நம்பரு, பொம்மைக் காலு" என்று மெச்சினாள். அன்று முதல் அந்தக் குடும்பத்தில் அவள்தான் சின்னக் கால்காரி. பிறகு பிள்ளைகள் பிறந்தன, இடுப்பு பெருத்தது, மலை ஏறி ஏறிப் பாதம் ரொட்டி மாவாக அகன்றது. ஒரு நாடே உடைந்து வேறு நாடாகிவிட்டது. முப்பத்தாறு மட்டும் முப்பத்தாறாகவே நின்றது. விருந்துக்குப் போடுகிற செருப்பை அதே நம்பரில் வாங்கி, மேசைக்கடியில் பாதி கழற்றி வைத்துக்கொண்டு, சிரித்தபடி உட்கார்ந்திருப்பாள். விரலை விரிக்க விட்டது கலோஷ் ஒன்றுதான். அதில் நம்பர் தேய்ந்துபோயிருந்தது, யாரும் கேட்கவும் இல்லை.

சந்தைக்குத் தனியாகப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. பாத்மா கூடவே வந்துவிட்டாள்.

கிளாராவின் கடை, சந்தையின் மற்றக் கடைகளைப் போலவே, சரக்கு ரயிலிலிருந்து இறக்கி வைத்த ஓர் இரும்புப் பெட்டிதான். ஊருக்குத் திரும்பும் வெளிநாட்டுக்காரர்கள் பை கனக்கிறதென்று விட்டுப்போகிற பூட்ஸையெல்லாம் அவள் வாங்கி, கழுவி, ஒட்டி, மெழுகு தேய்த்து விற்கிறாள். பூட்ஸ் விஷயத்தில் அவள் டாக்டர் மாதிரி. வந்தவர்களை முகம் பார்க்க மாட்டாள், பாதம்தான் பார்ப்பாள்.

"என்ன நம்பர்க்கா?"

அனார்குல் வாய் திறப்பதற்குள் பாத்மா முந்திக்கொண்டாள். "அவளுக்கு முப்பத்தாறு. எங்க மாமியார் சொல்லிச் சொல்லி மாஞ்சு போவாங்க. எனக்குத்தான் ஒட்டகக் காலு."

கிளாரா அனார்குலின் பாதத்தைப் பார்த்தாள். உள்ளே போய் இரண்டு ஜோடி கொண்டுவந்தாள். ஒன்று சின்னதாக, நீல நாடாவோடு அழகாக இருந்தது. மற்றது பெரிது, பூசணிக்காய் நிறம்.

"இந்தப் பெருசு யாருக்கு? ஒன் வீட்டுக்காரருக்கா?" என்று அனார்குல் அதை ஒதுக்கினாள்.

"தடியான காலுறை போட்டுக்கிட்டுப் பாருங்கக்கா. காலு பொழுது சாயச் சாய வீங்கும். மலையில இன்னும் வீங்கும்."

"என் காலெல்லாம் வீங்காது."

சின்னதுக்குள் கால் போவதற்கு, ஒரு பக்கம் கிளாராவும் ஒரு பக்கம் பாத்மாவும் பிடித்து, நடுவில் அனார்குல் ஓங்கி மிதிக்க வேண்டியிருந்தது. கடையில் சாய்வாக ஒரு பலகை உண்டு. அதில் ஏறி இறங்கிக் காட்டாதவர்களுக்குக் கிளாரா பூட்ஸ் விற்க மாட்டாள். அனார்குல் ஏறினாள். இறங்கினாள்.

"எறங்கும்போது விரல் முன்னால இடிக்குதா?"

"இல்லவே இல்ல. பஞ்சு மாதிரி இருக்கு."

"அப்ப ஏன் கண்ணு கலங்குது?"

"சந்தைத் தூசி."

கிளாரா பெருமூச்சு விட்டு, பூட்ஸைக் கழற்றி வாளித் தண்ணீரில் கழுத்துவரை அமுக்கிக் காட்டினாள். உள்ளே உலர்ந்தே இருந்தது. "தண்ணியைப் பொறுத்தவரை பயமில்ல. உள்ள ஒரு சொட்டுப் போகாது" என்றாள். அனார்குல் காசை எண்ணிக் கொடுத்து நீல நாடா பூட்ஸை வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டதும் அனார்குல் யோசித்தாள். தோல்தானே, விரியாமல் எங்கே போகும்? ஊறிய தானியம் உப்பும், உப்பினால் தோலைத் தள்ளும். மக்சிம் என்கிற புளித்த பானம் காய்ச்சுவதற்கென்று முளைகட்டி இடித்து வைத்திருந்த பார்லி இருந்தது. இரண்டு பூட்ஸிலும் அதை வாய்வரை அள்ளிப்போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றினாள். சூடு ஆறாமல் இருந்தால்தான் நன்றாக உப்பும் என்று, அடுப்புக்குப் பின்னால் வைத்து ஆட்டுத்தோல் கோட்டால் போர்த்தினாள்.

முளைகட்டிய பார்லி, வெதுவெதுப்பான தண்ணீர், ஆட்டுத்தோல் கோட்டு. எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்குக்கூட இதிலிருந்து என்ன வரும் என்று தெரியும். அவளே வருஷா வருஷம் பீப்பாயில் இதைத்தான் செய்கிறாள். ஆனால் பீப்பாய் வேறு, பூட்ஸ் வேறு அல்லவா? தண்ணீர் எப்படியும் தையல் வழியாக வடிந்துவிடும் என்றும் நினைத்துக்கொண்டாள். கிளாராவின் சரக்கைப் பற்றி அவளுக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் பிற்பகல் அவள் கோழிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்தபோது, கணவன் சார்ஷென் அடுப்புக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு, கண்ணை மூடிக்கொண்டு குதிரையைப் பற்றிய பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தார். கையில் கிண்ணம். மடியில் வடிகட்டி. முன்னால் இரண்டு பூட்ஸும் விருந்தாளிகளைப்போல நின்றன.

"என் கண்ணு அனாரு," என்றார் சார்ஷென், "நான் குடிக்கக் கூடாதுன்னு நீ எங்கெங்கயோ ஒளிச்சு வைப்பே. ஆனா இந்தத் தடவை ஒளிச்ச பாரு, அது அறிவு."

"அட பாவி மனுசா! அது என் பூட்ஸ்!"

"தெரியுமே. நல்ல பாத்திரம். ஒழுகவே இல்ல." ஒரு மடக்குக் குடித்துவிட்டு, தீர்ப்பு சொல்கிறவர்போல விரலை உயர்த்தினார். "வலது காலு கொஞ்சம் புளிப்பு. இடது காலு அமிர்தம்."

அனார்குல் பார்லியைச் சுரண்டி எடுத்துவிட்டுக் காலை நுழைத்துப் பார்த்தாள். தோல் ஒரு நூல்கூட விரியவில்லை. வாடை மட்டும் தெருமுனைவரை விரிந்திருந்தது. மறுநாள் காலை கிளம்ப வேண்டும். மெரிம் இன்று பார்க்கப்போகிறாள். பூட்ஸைப் பையில் போட்டுக்கொண்டு சந்தைக்கு ஓடினாள். சத்தம் கேட்டு எட்டிப்பார்த்த பாத்மா, கேட்காமலேயே பின்னால் வந்தாள்.

கிளாராவின் கடையில் மெரிமும் இருந்தாள், யாருக்கோ கூடார ஆணி வாங்கிக்கொண்டு. கிளாரா பையைத் திறந்தாள். முகர்ந்தாள். நிமிர்ந்தாள்.

"இதுக்குள்ள யாரு கல்யாணம் நடத்துனது?"

அனார்குல் பையின் வாயை மூடப் பார்த்தாள், கிளாரா விடவில்லை.

"சரி, கழுவி எடுத்துக்கறேன். மாத்தித் தர்றேன். ஆனா இந்தத் தடவை உண்மையான நம்பரைச் சொல்லுங்கக்கா."

அனார்குல் ஓரக்கண்ணால் பார்த்தாள். பக்கத்தில் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டு பாத்மா. முப்பத்தாறு என்று இப்போதும் சொல்லலாம். சொன்னால் அந்த முற்றம், அந்த அண்டா, காது நிறையப் பித்தப்பை, கோடை முழுவதும். அவமானமா, ஜாமா என்று ஒரு நிமிஷம் அவள் தவித்த தவிப்பு நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

"முப்பத்தொம்பது," என்று முணுமுணுத்தாள்.

"கேக்கலக்கா."

"முப்பத்தொம்பது! வலது காலு நாப்பது! போதுமா?"

பக்கத்துப் பெட்டியில் காலுறை விற்கிறவள் திரும்பிப் பார்த்தாள். அனார்குல் சிவந்துபோய்ப் பாத்மாவைப் பார்த்தாள். பாத்மா இன்னொரு விதையை உடைத்தாள்.

"அதுக்கென்னடி இப்ப?"

"அக்கா... ஒங்களுக்குத் தெரியுமா?"

"என் வீட்டுக்கு வர்றப்ப வாசல்ல கழட்டிப் போட்டுட்டுத்தானே உள்ள வர்ற? எல்லாரு செருப்பையும் திருப்பி, போட்டுக்கிட்டுப் போக வாகா வைக்கிறது யாரு? என் மருமகளுக வர்ற வரைக்கும் நான்தானே? ஒன் கலோஷை ஒரு கையில தூக்க முடியாதுடி. தெப்பம்."

"இத்தனை வருசமா ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"மாமியார் சொல்லிட்டாங்க. நீ வந்த புதுசுல அம்மா வீட்டை நெனச்சு அழுதுக்கிட்டே கெடந்தே. ஒரு நாள் ஒன் காலை நல்லா இருக்குன்னு சொன்னாங்களாம், நீ சிரிச்சியாம். 'அதை யாரும் கெடுத்துறாதீங்க'ன்னாங்க." பாத்மா கையிலிருந்த விதைத் தோலைத் தட்டினாள். "எனக்கு வாய் நிக்காதுன்னு ஊருக்கே தெரியும். இது ஒண்ணைத்தான் நிப்பாட்டி வச்சிருந்தேன். பெரும் பாடுடி."

அனார்குலுக்கு அழுகை வந்தது. இந்த முறை தூசி என்று சொல்லத் தோன்றவில்லை. கிளாரா பூசணிக்காய் நிற பூட்ஸைக் கொண்டுவந்தாள். கால் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. பலகையில் ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். எங்கும் வலிக்கவில்லை. வலிக்காத பூட்ஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் காலத்தை ஓட்டிவிட்டோமே என்று அவளுக்கு அவள்மேலேயே கோபம் வந்தது. மெரிம் குனிந்து அழுத்திப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

"இது சரி. நாளைக்கு வந்துருங்க. ஆனா கூட்டம் ஜாஸ்திக்கா, காய் நறுக்க இன்னொரு ஆள் கெடைச்சா நல்லாருக்கும்."

"நான் வர்றேன்," என்றாள் பாத்மா.

அனார்குல் பலகையின் உச்சியிலேயே நின்றுவிட்டாள்.

"ஜாமை மருமகளுக காய்ச்சட்டும். கண்ணுல தெரியற மலைக்கு ஒரு தடவைகூடப் போனதில்ல, தெரியுமா? ஒரே கூடாரம்தானே அனாரு, பேசிக்கிட்டே தூங்கலாம். கிளாரா, எனக்கு நாப்பத்தொண்ணு எடு."

கிளாரா எடுத்துக்கொடுத்தாள். பாத்மா காலை உள்ளே திணித்து, பலகையில் இறங்கி, "அருமையா இருக்கு" என்றாள். அவள் கண் கலங்கியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை, அனார்குலைத் தவிர. சும்மா இருந்தால் போதும். முதல் இறக்கத்திலேயே பாத்மா நொண்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். கோடை முழுக்கக் காற்றும் குதிரையும்தான்.

அனார்குல் இறங்கி வந்து, தரையில் உட்கார்ந்து, பாத்மாவின் பூட்ஸ் நாடாவை அவிழ்த்தாள்.

"கிளாரா, இதை உள்ள வை. அக்காவுக்கு நாப்பத்திரண்டு எடு."