அக்கா செய்த நடைவண்டிகளும் அவர் பட்ட பயமும்

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டாகிறது. இந்த நினைவு மலருக்கு எழுத உட்கார்ந்தபோது, அக்காவின் தைரியத்தைப் பற்றி எழுது என்றே உறவினர் பலரும் சொன்னார்கள். ஓர் அறையே வீடான ஒரே காம்பராவில் அவரோடு வளர்ந்தவன் நான். அக்கா மிகவும் பயந்தவர். அதை விட்டுவிட்டு எழுதினால் இது வேறு யாருடைய கதையோ ஆகிவிடும்.

பசறைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பராவில் அக்கா பிறந்தார். அப்பா காலமானபோது நான் சின்னப் பையன். சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்திருந்த அக்கா, தோட்டத்தில் பெயர் பதிந்து கொழுந்து எடுக்கப் போனார். நான் படித்தது அந்தக் கொழுந்துக் காசில்தான்.

அம்மாவுக்கு முழங்கால் வலி வந்து, அடுப்பு முன்னால் குந்த முடியாமல் போனது. அக்கா ஒரு பழைய பலகைப் பெட்டியைப் பிரித்து, தானே ஒரு முக்காலி செய்தார். அது ஆடியது. இரண்டாவதும் ஆடியது. மூன்றாவது ஆடாமல் நின்றபோது, பக்கத்துக் காம்பராப் பெரியம்மா தனக்கும் ஒன்று கேட்டார். அப்புறம் லயமே கேட்டது. "மரத்தை நீங்க கொண்டாங்க, வேலைய நான் பாத்துக்குறேன்" என்பார். கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டார். சாயங்காலம் ஏதோ ஒரு சாக்கில் அந்த வீட்டுப் பக்கம் போய், முக்காலியில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வருவார். இருந்தால் அன்றைக்குச் சாப்பாடு இரண்டு பிடி கூட இறங்கும்.

பிறகு சவுக்கு மரக்கிளையில் சக்கரம் வெட்டி, குழந்தைகளுக்கு நடைவண்டி செய்யத் தொடங்கினார். ஒன்பது வீடுகளுக்குக் கொடுத்தார்.

அதில் ஒன்று எங்கள் லயத்துச் செல்வியின் மகள் தர்ஷினிக்கு. ஒரு நாள் மத்தியானம் மலையெல்லாம் பனி மூடிக் கிடந்தது. செல்வி தண்ணீருக்குப் போயிருந்த நேரத்தில், பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பை விட்டு இறங்கிவிட்டது. முற்றம் முடிந்தால் சரிவு. செல்வி போட்ட சத்தம், மேலே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த எங்களுக்குக் கேட்டது. அன்று விடுமுறைக்கு வந்திருந்த நானும் அக்காவோடு இருந்தேன். அக்கா கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்.

சரிவில் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் வண்டி கவிழ்ந்து கிடந்தது. பிள்ளை இல்லை.

அந்த நேரத்தில் அக்காவின் முகத்தைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். அழவில்லை. "நான் செஞ்சது, நான் செஞ்சது" என்று அதையே சொல்லிக்கொண்டு, தேயிலைச் செடிகளுக்கு அடியில் தவழ்ந்து போனார். பனியில் இரண்டு முழத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கூப்பிட்டால் பதில் இல்லை. எவ்வளவு நேரம் போனதோ, கீழே நாலாவது வரிசையிலிருந்து அக்காவின் குரல் வந்தது: "இருக்கா! மூச்சு இருக்கு!"

நெற்றியில் நான்கு தையல். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் செல்வி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "கதவச் சாத்தாமப் போனது நானுங்கக்கா. நீங்க ஏன் இப்படி நடுங்குறீங்க?" என்றாள்.

"ஓடுற மாதிரி செஞ்சது நான்தானே, செல்வி. நிக்கிறதுக்கு ஒண்ணும் செய்யலயே" என்றார் அக்கா.

மறுநாளே ஒன்பது வண்டிகளையும் திரும்ப வாங்கினார். எரித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஒவ்வொன்றின் பின்னாலும் தரையில் உரசும்படி ஒரு கட்டை வைத்து, சரிவில் தானே உருட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பின்பு இஸ்தோப்புகளுக்குச் சின்னப் படல் கதவுகள் செய்தார். எல்லாக் காம்பராவுக்கும் போட்டு முடிக்க இரண்டு வருடமானது. ஆனாலும் பயம் போகவில்லை. கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்ததும் லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கதவுகளை ஆட்டிப் பார்ப்பார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தைச் சொல்லி, "அக்கா பெரட்டுக் களம் வச்சிட்டாங்க" என்று சிரிப்பார்கள். அவர் சிரித்ததில்லை.

போன வருடம் அவருக்கு வயிற்றில் வலி வந்தது. பதுளையில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. "புண்ணுதான், ஆறிடும்" என்றேன். ஒவ்வொரு முறையும் அவர் என் முகத்தைப் பார்ப்பார். நான் ஜன்னலைப் பார்ப்பேன். கடைசியில் ஒரு காலை, கஞ்சி கொடுக்கும்போது கேட்டார்.

"தம்பி, நான் பொழைக்க மாட்டேன்ல?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"நீ சொல்லாம இருந்தியே, அதுதான்டா பெரிய பயமா இருந்துச்சு. ராவும் பகலும் நான் ஒருத்தியா பயந்துகிட்டு கெடந்தேன்."

அன்றே செல்வியிடம் சொன்னேன். செல்வி லயத்தில் சொன்னாள். அதன் பிறகு பதினேழு நாட்கள் அக்காவின் கட்டிலருகே யாராவது ஒருவர் இல்லாத நேரமே இல்லை. முறை வைத்து உட்கார்ந்த பெண்கள், நாள் சம்பளத்தையும் விட்டுவிட்டு வந்தவர்கள், அக்கா "பயமா இருக்கு" என்றபோது "ஒண்ணுமில்ல" என்று பொய் சொல்லாமல் "எங்களுக்கும்தான் அக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டவர்கள், பாடையைச் சுமந்து சரிவில் கால் வழுக்காமல் கொண்டு சேர்த்தவர்கள், உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

நான் தனியாகப் பயப்பட விட்டிருந்த என் அக்காவை, நீங்கள் அப்படி விடவில்லை.