சிரிக்கிற மண்டையோடு

வியாழன் காலை ஈப்போவில் நல்ல வெயில். என் ஐந்து வயது மகள் நிலாவைப் பின்னிருக்கையில் உட்கார வைத்துக்கொண்டு, சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்குப் புறப்பட்டேன். பிரிஞ்சாங் வரை ஏறக்குறைய எண்பத்தைந்து கிலோமீட்டர். அதற்கப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள் போக வேண்டும். என் கல்லூரித் தோழி ஸ்டெல்லா அங்கேதான் பிறந்தாள், அங்கேயே பாலர் பள்ளி ஆசிரியையாகவும் இருக்கிறாள். பல ஆண்டுகளாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

மலை ஏறத் தொடங்கியதும் மஞ்சள் பலகைகள் வந்தன. நிலா ஒவ்வொன்றுக்கும் பொருள் கேட்டாள். கல் உருளும் படத்தைப் பார்த்து, மலைக்கு யார் மேல் கோபம் என்றாள். யானைப் படம் வந்த பிறகு பேச்சே இல்லை. கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு காட்டைப் பார்த்தபடி வந்தாள். கோலா தெர்லாவில் முட்டைக்கோஸ் ஏற்றிய லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோது அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"யானை வரல. போர்டு பொய் சொல்லுது மா."

வரலாம் என்றுதான் அந்தப் பலகை சொல்கிறது, வரும் என்று சொல்லவில்லை என்று விளக்கிப் பார்த்தேன். எடுபடவில்லை. கியா பார்ம் சந்தையில் பத்து வெள்ளிப் பணம் கொடுத்து ஒரு டப்பா ஸ்ட்ராபெரி வாங்கிக் கொடுத்த பிறகே சமாதானமானாள்.

பிரிஞ்சாங் தாண்டி, தோட்டத்துப் பாதையின் முதல் வளைவில் என்னையறியாமல் வண்டியை நிறுத்திவிட்டேன். பெருவிரல் ரேகைபோல் வரிவரியாகத் தேயிலை, குன்றுக்குப் பின் குன்றாகக் கண் போகும் மட்டும். பனி மேலிருந்து இறங்கும் என்றே நினைத்திருந்தேன். இங்கே பள்ளத்திலிருந்து ஏறி வந்தது. எங்கள் காலடியில் இருந்த குன்று ஒன்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே இல்லாமல் போய், மறுபடி வந்தது. நிலா எதற்கும் பொருள் கேட்கவில்லை.

வெள்ளி காலை ஸ்டெல்லாவின் வகுப்புக்குப் போனோம். தொழிலாளர்களின் லயன் வீடுகளை ஒட்டிய சின்ன மண்டபம். பிள்ளைகளோடு நிலாவும் பாயில் உட்கார்ந்துகொண்டாள். சில வாரங்களுக்கு முன் ஒரு பிள்ளை, களைக்கொல்லி டின்னின் மூடியைக் கழுவி, தண்ணீர் குடிக்கும் குவளை என்று வகுப்புக்குக் கொண்டுவந்திருக்கிறது. அதிலிருந்து ஸ்டெல்லாவுக்குத் தூக்கமில்லை. அந்த டின்களை வைக்கும் மருந்து ஸ்டோர், பிள்ளைகள் நடந்து வரும் வழியிலேயே இருந்தது.

டின்னில் இருக்கும் மண்டையோட்டைப் பெரிதாக வரைந்து எடுத்து வந்திருந்தாள். இது என்ன சொல்கிறது என்று கேட்டாள்.

"சிரிக்குது லா டீச்சர்," என்றாள் முன்வரிசையில் ஒரு சிறுமி. மற்றவர்களும் ஆமாம் என்றார்கள்.

நான் அந்தப் படத்தை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தேன். பல்வரிசை முழுக்கத் தெரிய, அது சிரிக்கத்தான் செய்தது. உள்ளே இருப்பதன் பெயரும் சேர்ந்துகொண்டது. தோட்டத்தில் அதை யாரும் விஷம் என்பதில்லை. புல்லுக்கு அடிப்பதும் மருந்து, காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து. சிரித்த முகம் ஒட்டிய மருந்து டின்னைப் பிள்ளைகள் ஏன் தொடக்கூடாது?

ஸ்டெல்லா படத்தைக் கீழே வைத்தாள். பிறகு, பார்த்தவுடன் யாரும் கிட்ட வராதபடி ஒரு படம் நீங்களே வரையுங்கள் என்றாள். பாம்பு வரைந்தார்கள், பேய் வரைந்தார்கள். நிலா பெரிய பெரிய கண்ணீர்த் துளிகளோடு அழும் முகம் ஒன்று வரைந்தாள். எல்லோருக்கும் அதுவே பிடித்தது. தோட்ட வேலையை மேற்பார்க்கும் செல்வம் கங்காணியிடம் அனுமதி கேட்டு, ஸ்டோர் கதவின் கீழ்ப்பாதியில், பிள்ளைகளின் கண்மட்டத்தில் ஒட்டினோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சனிக்கிழமை காலை, பிரிஞ்சாங் சந்தைக்குப் போகலாம் என்று ஸ்டெல்லாவும் நானும் நிலாவையும் வகுப்புப் பிள்ளைகள் சிலரையும் கூட்டிக்கொண்டு பாதையில் இறங்கினோம். மருந்தடிக்கும் ஆட்கள் டின்களை எடுத்துக்கொண்டு எதிர்ச் சரிவுக்குப் போயிருந்தார்கள். ஸ்டோர் கதவு பாதி திறந்திருந்தது. கதவருகே, மருந்தடிக்கும் கலாவின் கடைசிப் பெண், மூன்று வயது தர்ஷினி, நிலா வரைந்த முகத்தைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் காலருகே திறந்த டின் ஒன்று.

ஸ்டெல்லா ஓடிப்போய் அவளைத் தூக்கினாள். கையையும் வாயையும் முகர்ந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. இங்கே எதற்கு வந்தாய் என்று கேட்டாள்.

"பாப்பா அழுவுது," என்றாள் தர்ஷினி. "தூக்கணும்."

விலகிப்போகச் சொல்லி நாங்கள் ஒட்டிய முகம், வா என்று கூப்பிட்டிருக்கிறது.

அதற்குள் சரிவிலிருந்து கலா ஓடி வந்தாள். முதுகில் மருந்து தெளிக்கும் தோம்பை மாட்டியபடி வேலை செய்தவள், அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, பூட்ஸோடு வந்திருந்தாள். அம்மாவைக் கண்டதும் தர்ஷினி இரண்டு கையையும் நீட்டினாள். கலா சட்டென்று பின்வாங்கினாள். இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கையெல்லாம் மருந்து. நீங்களே புடிச்சிக்குங்க டீச்சர், என்கிட்ட குடுத்துறாதீங்க."

பிள்ளை அம்மாவை நோக்கித் தாவித் தாவி அழுதது. தாய் இன்னும் ஓரடி பின்னால் போனாள். அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, துடைக்கவும் கையைக் கொண்டுவரவில்லை. குழாயடியில் சோப்பு போட்டு முழங்கைவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். வீட்டுக்குப் போய்க் குளித்து, உடை மாற்றி வந்தாள். அதன்பிறகுதான் பிள்ளையை வாங்கி நெஞ்சோடு அணைத்தாள். அவ்வளவு நேரமும் கூட வந்த பிள்ளைகள் அங்கேயே நின்று பார்த்தார்கள்.

செல்வம் கங்காணி வந்தார். யாரையும் திட்டவில்லை. கதவை இழுத்துப் பூட்டி, இனிமேல் டின் வெளியே போகும்போதும் பூட்டாமல் யாரும் நகரக்கூடாது என்று ஆட்களிடம் சொன்னார். பிறகு பூட்டை இழுத்துப் பார்த்தார்.

சந்தைக்குப் போகவில்லை. எல்லோரும் மண்டபத்துக்குத் திரும்பினோம். ஸ்டெல்லா மண்டையோட்டுப் படத்தை மறுபடி எடுத்துப் பிடித்தாள். இது என்ன சொல்கிறது என்று அவள் கேட்கவே இல்லை. நிலாதான் முதலில் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அடுத்து அவளருகில் இருந்தவள். பிறகு பாயில் இருந்த எல்லாப் பிள்ளைகளும். யாரும் சிரிக்குது என்று சொல்லவில்லை.

ஒரு குறிக்குள் பொருள் குடியேறுவதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். அந்த மலையில் நான் பார்த்த எதுவும் அதற்கு ஈடாகாது. ஈப்போவில் என் வீட்டு அடுக்களையிலும் அதே மண்டையோடு, கரப்பான் மருந்து டப்பாவில் ஆண்டுக்கணக்காகச் சிரித்துக்கொண்டிருக்கிறது. ஒட்டியிருந்தால் போதும் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஞாயிறு காலை புறப்பட்டோம். ஸ்டெல்லாவும் கலாவும் பாதையோரம் வந்து நின்றார்கள். தர்ஷினி அம்மாவின் இடுப்பில் இருந்தாள். வண்டி நகர்ந்ததும் அவளும் கையசைத்தாள். சின்னக் குழந்தைகள் செய்வதுபோல் உள்ளங்கையைத் தன் பக்கம் திருப்பி, விரல்களை மூடி மூடித் திறந்தாள்.

நிலா பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அவ வான்னு கூப்புடுறா."

இல்லை, அது டாட்டா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. வண்டியை அவர்களை நோக்கிப் பின்னால் எடுத்தேன்.