இஞ்சி போடாத கஞ்சி

நோன்பு மாதம் வந்தால் நஜ்முன் நிஸாவின் முற்றத்தில் இரண்டு கஞ்சிப் பானைகள் ஏறும். பெரியது ஊருக்கு. இஞ்சி, பூண்டு, வாசத்துக்கு ரம்பை இலை, தேங்காய்ப்பால் என்று எல்லாம் போட்டது. சின்னது அவளுடைய உம்மாவுக்கு. அதில் எல்லாம் இருக்கும், இஞ்சி மட்டும் இருக்காது. முப்பத்தைந்து வருடமாக உம்மா இஞ்சியைத் தொட்டதில்லை. கிண்ணியாவில் காரணம் தெரிந்தவர்கள் அதைப் பற்றிக் கதைக்க மாட்டார்கள். தெரியாதவர்கள் கேட்டால் நிஸா அடுப்பைக் கிளறப் போய்விடுவாள்.

நிஸாவுக்கு ஐம்பது வயது. கல்யாணம் செய்யவில்லை. அகப்பையைக் கட்டிக்கொண்டவள் என்று சொந்தக்காரர்கள் பகிடி பண்ணுவார்கள். ஒரு காலத்தில் அவள் கை படாத கல்யாணச் சோறு அந்தத் தெருவில் கிடையாது. பிறகு ஊரின் வாய் மாறிவிட்டது. பிள்ளைகளுக்குக் காலையில் நூடுல்ஸ், பின்னேரம் கொத்துரொட்டி. நோன்பு துறக்கக்கூட ரோல்ஸும் பெட்டியில் அடைத்த ப்ரைட் ரைஸும்தான். எல்லாம் கடையில் கிடைக்கிறதென்றான பிறகு அவளுடைய அடுப்புகளில் பாதி ஆறிக் கிடந்தன. அவளுக்கு அது வயிற்றெரிச்சல்தான், மறைக்கவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் முனாஸ் வந்தான். வங்கியில் வேலை செய்பவன், பழைய மாணவர் சங்கத்துச் செயலாளர்.

“பாலத்தடியில அறுபது பேருக்கு இப்தார் வைக்கிறம் ராத்தா. ரோல்ஸ் திண்டு அலுத்துப் போச்சு. எங்கட பழைய சாப்பாடு வேணும். கஞ்சி, அவிச்ச மரவள்ளிக்கிழங்கு, கூனிச் சம்பல். இது சரியா வந்தா பெருநாள் வரைக்கும் ஒவ்வொரு வெள்ளியும் உங்களுக்குத்தான்.”

சோறில்லாதவர்கள் தின்ற கிழங்குக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்.

“கிழங்கு வேணாம் தம்பி. பிட்டு அவிச்சுத் தாறன்.”

“கிழங்கில்லாட்டி என்ன பழைய சாப்பாடு?”

நிஸா ஆறிக் கிடந்த அடுப்புகளைப் பார்த்தாள். ஓம் என்று சொல்லிவிட்டாள்.

அவள் மரவள்ளிக்கிழங்கு அவித்து முப்பத்தைந்து வருடம். கடைசியாக அவித்தது தொண்ணூறாம் ஆண்டு, சண்டையில் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்தபோது. உம்மா அரிசி வரிசையில் நின்றாள். பதினைந்து வயது நிஸாவும் ஆறு வயதுத் தங்கை லைலாவும் மூன்று கல்லும் ஒரு பானையும். விறகு ஒரு கைப்பிடிதான் இருந்தது, லைலா பசியில் அழுதுகொண்டிருந்தாள். கிழங்கு அவிக்கும்போது பானையை மூடக்கூடாது, நஞ்சு ஆவியோடு போக வேண்டும் என்பது நிஸாவுக்குத் தெரியாததல்ல. கெதியாக வேகட்டும் என்று மூடினாள். வெந்ததில் முக்கால்வாசியை லைலாதான் தின்றாள்.

அன்று பொழுதுபட லைலா வாந்தியெடுத்தாள். வயிற்றுக்கு நல்லதென்று உம்மா இஞ்சி அவித்துக் கொடுத்தாள். விடிவதற்குள் பிள்ளை போய்விட்டது. கிழங்கு தின்ற வயிற்றில் இஞ்சி பட்டால் விஷம் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்வது. அதனால் பள்ளிக்கூடம் முழுக்க உம்மாவின் முகத்தைத்தான் பார்த்தது. உம்மாவும் நெஞ்சில் அடித்து அடித்து, “என்ட கையாலதான் குடுத்தன்” என்று அழுதாள். நிஸா வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை இருபது கிலோ கிழங்கு வந்தது. நிஸா ஒவ்வொன்றாகத் தோல் சீவி, நடு நாரை இழுத்தெறிந்து, இரண்டு தரம் கழுவிப் பெரிய கிடாரத்தில் போட்டாள். உதவிக்குப் பக்கத்து வீட்டு ஸஹ்ரா. கெட்டிக்காரி, ஆனால் கொத்துரொட்டியில் வளர்ந்த பிள்ளை. பின்னேரம் அஸர் தொழப் போகும்போது நிஸா சொல்லிவிட்டுத்தான் போனாள்: “நெருப்பப் பார்த்துக்கொள்.” மூடியைப் பற்றிச் சொல்லவில்லை. அது சொல்ல வேண்டிய விசயம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

தொழுதுவிட்டு உம்மாவுக்கு மருந்தெல்லாம் எடுத்து வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்தாள். கிடாரத்தின் மேல் பெரிய தட்டம் கிடந்தது. அதன் மேல் ஒரு கல்லும்.

“யார் மூடினது?”

“நான்தான் ராத்தா. கடல்காத்துக்கு ஒரே தூசி.”

“எப்ப?”

“நீங்க உள்ள போன உடன.”

நிஸா தட்டத்தைத் தள்ளினாள். ஆவி முகத்தில் அடித்தது. கிழங்கு வெடித்துப் பூப்போல வெந்திருந்தது. ஸஹ்ராவை ஓங்கி அறைய வேண்டும்போல ஆத்திரம் வந்தது. அந்தப் பிள்ளையின் பயந்த முகத்தைப் பார்த்ததும் கை எழவில்லை.

அந்த நேரம் பார்த்து முனாஸ் சாமான் ஏற்றும் வானை ஓட்டிக்கொண்டு வந்து நின்றான். நோன்பு துறக்கும் பாங்குக்கு ஒரு மணித்தியாலம்கூட இல்லை.

“ஏத்துவமா ராத்தா? ஆக்கள் வரத் தொடங்கிட்டாங்க.”

“மூடி அவிச்சுப் போட்டம் தம்பி.”

“அதுக்கென்ன? கடையில வாங்கித் தின்னுறம், அவன் மூடினானா திறந்தானா எண்டு பார்க்கிறமா? கிழவிகள்ற கதையப் போய் இப்ப.”

நோன்போடு நிற்கும் மூவரில் யாரும் கடித்துப் பார்க்க ஏலாது. சமைப்பவள் நாக்கு நுனியில் வைத்துத் துப்பலாம். நிஸா ஒரு துண்டை எடுத்து வைத்தாள். கசந்த மாதிரியும் இருந்தது, கசக்காத மாதிரியும் இருந்தது. காலையிலிருந்து தண்ணீர் காணாத நாக்கு, அதுவும் பயந்துபோன நாக்கு. அது சொல்வதை நம்பி அறுபது பேருக்குக் கொடுக்க முடியுமா? அதில் பிள்ளைகளும் வருவார்கள். லைலா வயதிலும் வருவார்கள்.

பேசாமல் ஏற்றிவிடலாம். ஒன்றும் நடக்காமலும் போகலாம். ஊர் அவளை மறுபடி தேடி வரும். வாயை மூடிக்கொண்டிருப்பது அவளுக்குப் புதிதா என்ன?

“ஏத்த மாட்டன்” என்றாள்.

“ராத்தா, அறுபது பேர்.” முனாஸின் குரல் ஏறியது. “ஒரு மூடிக்காக என்ட மானத்த வாங்கப் போறீங்களா?”

“ஒரு மூடிதான் தம்பி. நானும் அப்பிடித்தான் நினைச்சன். என்ட தங்கச்சி லைலா இஞ்சித்தண்ணியால மவுத்தாகல்ல. நான் பானைய மூடினன். நான்தான் மூடினன்.”

ஸஹ்ரா வாயில் கை வைத்தாள்.

நிஸா கிடாரத்தை ஒரு பக்கம் பிடித்தாள், ஸஹ்ரா மறுபக்கம் பிடித்தாள். பின்வளவுக் குழியில் கொட்டிக் கோழி கிளறாமல் மண் போட்டார்கள். முனாஸ் கஞ்சியை வாளிகளில் ஊற்றி, அதையும் சம்பலையும் மட்டும் ஏற்றினான். அடுத்த வெள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் வானை எடுத்தான். ஸஹ்ராவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

நிஸா சின்னப் பானையிலிருந்து ஒரு கோப்பை ஊற்றிக்கொண்டு உம்மாவின் அறைக்குப் போனாள். கட்டில் ஜன்னலோரம், ஜன்னல் முற்றத்தைப் பார்த்தது. அது திறந்திருந்ததை அப்போதுதான் கவனித்தாள்.

“கேட்டன்” என்றாள் உம்மா.

“உம்மா, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்க. உங்கள நான்...”

“எனக்குத் தெரியும் மகள். அரிசி வாங்கிட்டு வந்து அந்த மூடிய எடுத்து வச்சது நான்தானே.”

கோப்பையிலிருந்து கஞ்சி நிஸாவின் விரலில் வழிந்தது.

“மூடினது எண்டு நான் சொல்லியிருந்தா அத்தினை பேரும் உன்னையெல்லோ பார்ப்பாங்க. உனக்குப் பதினைஞ்சு வயசு. அதான் இஞ்சி எண்டன்.”

“அப்ப இவ்வளவு காலமும் ஏனும்மா இஞ்சியத் தொடல்ல?”

“தொட்டா சனம் நம்புமா?”

பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. உம்மா ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு நோன்பு துறந்தாள். நிஸா நீட்டிய கோப்பையை மெல்ல ஒதுக்கினாள்.

“பெரிய பானையில மிச்சம் கிடந்தா அதில கொஞ்சம் கொண்டு வா.”

நிஸா முற்றத்துக்கு ஓடினாள். பெரிய பானையின் அடியில் ஒரு கோப்பைக்குக் காணும் அளவு ஒட்டிக்கொண்டிருந்தது. அழுகையில் கண் தெரியாமல் அதைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள்.