கிணற்றடிப் பாசிக்கு இட்ட உப்பு

பலர் பல காலமாக நீர் எடுத்துவரும் கிணற்றுக்குப் போகும் வழியை, அது தனியார் வளவுக்குள் இருந்தாலும், கிராமச் சபையின் எழுத்து அனுமதியின்றி அடைக்கக் கூடாது. அனுமதி கேட்டவருக்குச் சபை பதினான்கு நாட்களுக்குள் பதில் எழுத வேண்டும். பதில் வரும்வரை எல்லாம் இருந்தபடியே இருக்க வேண்டும். அரசாங்கக் கந்தோரில் வாழ்நாள் முழுக்க இப்படியான விதிகளைப் பிறருக்குப் படித்துக் காட்டிச் சம்பளம் வாங்கியவன் நான். இந்த விதி இருப்பது தெரியாமலே அதில் கை வைத்தது ஒன்பது வயதில்.

எங்கள் வளவுக் கிணறு நல்ல தண்ணீர்க் கிணறு. கடலுக்கும் உப்புத் தண்ணீர்க் களப்புக்கும் இடையில் கிடந்த எங்கள் ஊரில் அப்படி இரண்டோ மூன்றோதான். வாப்பாவின் உப்பளத்தில் வேலை செய்தவர்களின் வீட்டுப் பெண்கள், விடிந்ததும் வேலியில் ஆள் நுழைய விட்டிருந்த கடப்பால் குடத்தோடு வந்துவிடுவார்கள். அவர்கள் சிந்திய தண்ணீரில் கிணற்றடி முழுக்கப் பாசி. உம்மா அதைத் தேய்க்க விடமாட்டார்.

"நாலு பேர் தண்ணி அள்ளுற எடத்துலதான் பாசி பிடிக்கும். அது பறக்கத்து, அல்லாட அருள்" என்பார்.

அந்த வருடம் நோன்புக்கு முந்திய மாதம், ஆண்கள் கூலி கூட்டிக் கேட்டு வேலைக்கு வராமல் நின்றார்கள். உப்பு விளைந்து கிடந்தது, அள்ள ஆளில்லை. வாப்பா கதிரையில் இருப்பார், எழும்புவார், கிணற்றடியை எட்டிப் பார்ப்பார், மறுபடி விறாந்தையில் நடப்பார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். வீட்டிலேயே நல்ல கையெழுத்து என்னுடையதுதான். அவர் சொல்லச் சொல்லச் சபைக்கு எழுதினேன்: கிணற்றடியில் பாசி அதிகரித்துள்ளது, வெளியார் வழுக்கி விழுந்து கைகால் முறியக்கூடும், ஆகவே கடப்பை அடைக்க அனுமதி தருக. 'தாழ்மையுடன்' என்ற சொல்லை அன்றுதான் கற்றேன்.

அதன்பின் எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை. யாரோ விழப்போகிறார்கள் என்று கடப்பில் காவல் நின்றேன். உப்பளத்து மேற்பார்வைக்காரரின் மனைவி ஹாஜறா தாத்தா (எங்களூரில் அக்காவைத் தாத்தா என்போம்) என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன தொரை, காவலா?"

"பாசி வழுக்கும் தாத்தா. பாத்து வாங்க."

"இத்தின வருசமா வழுக்காத பாசி, எங்கட ஆம்புளையள் வேலைக்குப் போகாத மாசந்தான் வழுக்குதா? வாப்பாக்கிட்டக் கேட்டு எனக்குச் செல்லுங்க."

அப்படியே போய்க் கேட்டேன். வாப்பா சிரிக்கவில்லை. உம்மாதான் பேசினார்.

"தண்ணிய மறிச்ச மனுசன் எண்டு பள்ளிவாசல்ல பேரெடுக்கப் போறீங்களா?"

"நானெங்க மறிக்கிற? சபை எழுதிச் செல்றதச் செய்வம்" என்றார் வாப்பா.

பதினான்கு நாளும் போயிற்று. பதில் வந்ததாக யாரும் சொல்லவில்லை. பாசி ஒழிந்தால் கடப்பை அடைக்கத் தேவையிருக்காது என்று என் மூளை வேலை செய்தது. உப்புக் குவித்த இடத்தில் புல் முளைக்காது என்பது எங்களூரில் நடக்கப் பழகிய பிள்ளைக்கும் தெரியும். தலைநோன்புக்கு முதல்நாள் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுதுவிட்டு வந்த வாப்பாவிடம் கேட்டேன்.

"உப்புப் போட்டாப் பாசி செத்துருமா வாப்பா?"

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஓம், செத்துரும்" என்று உப்புக் கொட்டில் சாவியைக் கழற்றித் தந்தார். "நெறையப் போடு."

நிறையப் போட்டேன். கடகம் கடகமாகச் சுமந்து, கிணற்றுக் கட்டைச் சுற்றிலும் கொட்டினேன். ஞாயிறன்று பாசி கறுத்தது. திங்கள் பெய்த மழையில் உப்பெல்லாம் மணலுக்குள் இறங்கியது. வேலை சுத்தமாக முடிந்தது என்று கடப்பில் நின்று பெருமைப்பட்டேன்.

இரண்டு நாளில் கிணறு கரித்தது. நோன்பு திறக்க வாயில் வைத்த தண்ணீரை ஹாஜறா தாத்தா துப்பினாராம். மறுநாள் காலை வெறுங்குடத்தோடு வந்து கிணற்றை எட்டிப் பார்த்தார். பிறகு என்னையும் பார்த்தார். அப்படியே திரும்பிப் போனார். வாப்பா வண்ணாத்திவில்லிலிருந்து மாட்டு வண்டியில் பீப்பாய்த் தண்ணீர் எடுப்பித்து, வேலைக்கு இறங்கியவர்களின் வீடுகளுக்கு மட்டும் கொடுத்தார். பெருநாளுக்கு முன்பே எல்லோரும் பழைய கூலிக்கு இறங்கிவிட்டார்கள். நோன்பு மாதத்தில் தண்ணீர் கொடுத்த மனிதரென்று பள்ளிவாசலில் அவரை மெச்சினார்கள். கிணற்றைக் கெடுத்த என்னை ஒரு சொல்லும் ஏசவில்லையே என்று நானும் மெச்சினேன். உம்மா மட்டும் அந்த மாதம் முழுக்க அவரோடு கதைக்கவில்லை. அது என்மேலுள்ள கோபமென்று நினைத்து ஒளிந்து திரிந்தேன்.

யுத்தம் முடிந்த மறுவருடம் ஓய்வு பெற்று அந்த வீட்டுக்கு வந்தேன். கிணறு எப்போதோ தெளிந்திருந்தது. மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்து பக்கத்தில் குடியிருந்தவர்கள் அள்ளிச் சிந்தியதில் பாசி மறுபடி படர்ந்திருந்தது. நான் அதைத் தேய்க்கவில்லை.

வாப்பாவின் அலுமாரியை ஒதுக்கியபோது சபையின் பதில் அகப்பட்டது. பாசியைத் தும்புத்தடியால் தேய்த்தால் போதும், கடப்பை அடைக்க அனுமதியில்லை என்று இரண்டே வரி. வாப்பா ஒழுங்கான மனிதர், வந்த கடிதம் எதிலும் திகதி போடாமல் விடமாட்டார். மூலையில் அவர் கையால் எழுதியிருந்தது: பெற்றது, ஷஃபான் 28, வியாழக்கிழமை. தலைநோன்புக்கு இரண்டு நாள் முன்; உப்புக் கொட்டில் சாவியை எனக்குத் தந்ததற்கு முதல்நாள்.