ஒட்டி மறைத்த எச்சரிக்கை

அர்மிந்தா தெய்ஷெய்ராவுக்கு நாற்பத்தேழு வயது நடந்துகொண்டிருந்த அக்டோபரில், கோழிகளுக்குச் சோளம் போடக் கொல்லைக்குப் போனவள் பாதி வழியில் குனிந்து பார்த்தாள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மற்றது சமையலறை வாசலிலேயே கழன்று கிடந்தது. இருபது அடி தூரம் ஈரக் கல்லின் மேல் வெறுங்காலோடு நடந்திருக்கிறாள். குளிர் தெரியவில்லை, கல் குத்தியதும் தெரியவில்லை. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டு செருப்பை மாட்டிக்கொண்டாள்.

போர்ச்சுகலின் ஃபெல்கெய்ராஸ் ஊரைத் தாண்டி, மலைச்சரிவில் இருந்த ஒரு ஷூ கம்பெனியில் அவளுக்கு இருபத்து நான்கு வருஷ வேலை. பசை மேஜையில் எட்டுப் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். மேல்தோலின் விளிம்பிலும் அடித்தட்டிலும் பசை தடவி, அது காய்ந்து பிசுபிசுப்பு ஏறும் பதம் பார்த்து அழுத்தி ஒட்ட வேண்டும். அர்மிந்தா ஒட்டிய ஜோடியில் பசைக்கோடு வெளியே தெரியாது. ஜெர்மனியிலிருந்து வரும் வாடிக்கையாளர்களுக்கு முதலாளி வால்டெமார் எடுத்துக் காட்டும் மாதிரி ஜோடி எப்போதும் அவள் கை வேலையாகத்தான் இருக்கும். அவர்களுக்கு அவள் பெயர் தெரியாது. அது அவளுக்குக் குறையாகவும் பட்டதில்லை.

பசை தயிர் டப்பாக்களில் வரும். மேஸ்திரி அபிலியு தினமும் காலையில் சரக்கறைக்குள் போய்ப் பெரிய டின்னிலிருந்து ஊற்றி, ஆளுக்கு ஒரு டப்பாவாகக் கொண்டுவந்து வைப்பார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பசையை மாற்றினார்கள். பழையது காயக் கால் மணி நேரம் ஆகும். புதியது சட்டென்று காய்ந்துவிடும். அதன் வாசனையில் பெட்ரோலும் இனிப்பும் கலந்திருந்தது. சாயங்காலம் ஆனால் எட்டுப் பேருக்கும் தலை லேசாகிவிடும்.

"குடிக்கிற காசு மிச்சம்டி" என்பாள் பக்கத்தில் நிற்கும் கிராசியெத். எல்லோரும் சிரிப்பார்கள். குளிர்காலத்தில் சூடு போய்விடும் என்று ஜன்னல்களைச் சாத்தி வைப்பார்கள். சுவரில் இருந்த காற்று இழுக்கும் விசிறியை, கரண்டு செலவு என்று அபிலியு அணைத்து வைப்பார். அதற்கும் சிரித்தார்கள். தெரியாதபோது மனிதர்கள் எதற்கும் சிரிப்பார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், கணப்பின் பக்கத்தில் உட்கார்ந்து முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கருகிய வாசனை வந்தது. காட் மீன் அடிப்பிடித்துவிட்டது என்று எழுந்து ஓடப் பார்த்தாள். தீய்ந்தது மீன் அல்ல. கங்கு ஒன்று உருண்டு வந்து காலுறையைப் பொசுக்கி, அவள் கட்டை விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. வலியே இல்லை. அந்த வலியின்மைதான் அவளைப் பயமுறுத்தியது.

ஊர் மருத்துவமனையில் கட்டுப் போட்டு, போர்ட்டோவில் இருந்த நரம்பு மருத்துவர் லூர்தெஸிடம் அனுப்பினார்கள். அந்த அம்மாள் ஊசியால் குத்திப் பார்த்தார், நரம்பில் மின்சாரம் விட்டுப் பார்த்தார், பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"சர்க்கரை இல்ல. குடியும் இல்லங்கறீங்க. என்ன வேலை பாக்குறீங்க, தோனா அர்மிந்தா?"

"ஷூ கம்பெனில பசை தடவுறேன் டாக்டர்."

"என்ன பசை?"

"பசைன்னா பசைதான். தயிர் டப்பால வரும்."

டாக்டர் சிரிக்கவில்லை. "பசையோட கூடவே ஒரு தகவல் தாள் வந்திருக்கும். உள்ள என்ன இருக்கு, உடம்ப என்ன பண்ணும், பட்டா என்ன செய்யணும், எல்லாம் பதினாறு பகுதியா எழுதியிருக்கும். அதக் கேட்டு வாங்கிட்டு வாங்க."

"குடுப்பாங்களா?"

"குடுத்தே ஆகணும். அந்தச் சாமானைத் தொடுற ஆளுக்கு அதப் பாக்க உரிமை இருக்கு. நீங்க தர்மம் கேட்டுப் போகல."

மறுநாள் அபிலியுவிடம் கேட்டாள்.

"பசைக்கு ஞானஸ்நான சர்டிபிகேட்டா கேக்குற?" என்றார் அவர். மேஜையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அர்மிந்தா சிரிக்காமல் நேரே மாடியேறி முதலாளி அறைக்குப் போனாள்.

வால்டெமார் மரியாதையாகவே பேசினார். "தாராளமா எடுத்துக்க அர்மிந்தா. நம்ம கம்பெனில ஒளிவு மறைவு கிடையாது." கோப்பைத் திறந்து, தாளை நகல் எடுத்து, உறையில் போட்டும் கொடுத்தார். காலுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடு என்றும் சொன்னார். அவள் நன்றி சொல்லிவிட்டு வந்தாள். அந்த நன்றியை நினைத்து அவள் பிறகு எத்தனையோ நாள் பல்லைக் கடித்தாள்.

டாக்டர் தாளை இரண்டு முறை படித்தார். "இது தண்ணியில கரைச்ச பசை. இதுனால உங்க காலுக்கு ஒண்ணும் ஆகாது."

"தண்ணியா? ஒரு டப்பாவைத் தொறந்து வச்சா கண்ணு கரிக்குது டாக்டர்! எட்டுப் பேருக்கும் தலை சுத்துது!"

"அப்படின்னா இது அந்தப் பசையோட தாள் இல்ல" என்றார் டாக்டர் அமைதியாக. "இனிமே நீங்க பசை மேஜை பக்கம் போகக்கூடாதுன்னு எழுதித் தரேன்."

அந்தக் கடிதத்தோடு மறுநாள் கம்பெனிக்குப் போனவள், கடிதத்தைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தாள். பத்து மணிக்கு அபிலியு காபி குடிக்கப் போனதும் சரக்கறைக்குள் நுழைந்தாள். டின்கள் சுவரோரம் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைத் தாள், அதில் கொட்டை எழுத்தில் 'பசை 12'. ஒரு தாளின் மூலை லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. நகத்தைக் கொடுத்து உரித்தாள்.

அடியில் இன்னொரு சீட்டு இருந்தது. சிவப்புக் கரை போட்ட, முனையில் நிற்கும் சதுரங்கள். ஒன்றில் தீச்சுடர். இன்னொன்றில் ஒரு மனித உருவம். அதன் நெஞ்சில் கண்ணாடி உடைந்தது போல் வெள்ளையாக ஒரு தெறிப்பு. கீழே, அவள் பள்ளிக்கூடத்தில் படித்த அதே போர்த்துகீசிய மொழியில், பொடி எழுத்தில் அல்ல, நன்றாகவே எழுதியிருந்தது: நீண்ட காலம் அல்லது திரும்பத் திரும்ப உடலில் சேர்ந்தால் நரம்பு மண்டலத்துக்குச் சேதம் விளைவிக்கலாம். அதற்கும் கீழே, ஆவியைச் சுவாசிக்காதீர்கள்.

அர்மிந்தா அங்கேயே ஒரு டின்னின் மேல் உட்கார்ந்துவிட்டாள். யாருக்கும் தெரியாமல் நேர்ந்திருந்தால், கர்த்தர் சித்தம் என்று ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போயிருப்பாள். ஆனால் தெரிந்திருக்கிறது. யாரோ படித்தவர்கள், எங்கோ உட்கார்ந்து, இந்தச் சரக்கைத் தொடப்போகிற முகம் தெரியாத ஒருத்திக்காக யோசித்திருக்கிறார்கள். எழுத்து தெரியாவிட்டாலும் புரியட்டும் என்று படம் போட்டிருக்கிறார்கள். விற்கிறவன் அந்தந்த நாட்டு மொழியில்தான் எழுத வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். விற்றவனும் எழுதி அனுப்பியிருக்கிறான். இத்தனை தூரம் வந்த ஒரு வார்த்தையை, கடைசிப் பத்து அடியில் ஒரு வெள்ளைத் தாள் மறித்துவிட்டது. அந்தப் பத்து அடிக்குத்தான் அவள் கால் பலி.

செல்போனில் படம் பிடித்தாள். உரித்த தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தபோது அபிலியு எதிரே நின்றார்.

"அத ஏன் பிச்ச?"

"நீங்க ஏன் ஒட்டினீங்க?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "முதலாளி சொன்னார். இந்த மாதிரிப் பசை போடக்கூடாதுன்னு ஜெர்மனிக்காரங்க ஒப்பந்தத்துல எழுதியிருக்காங்க. அவங்க சுத்திப் பாக்க வரும்போது கண்ணுல படக்கூடாதுல்ல. நான் சொன்னதச் செய்றவன், அர்மிந்தா."

"மாட்டிக்கிட்டு நடக்கப்போறவங்க காலுக்கு ஒப்பந்தம் இருக்கு. ஒட்டுறவ காலுக்கு ஒரு வெள்ளைத் தாளு. நல்லா இருக்கு சென்யோர் அபிலியு, ரொம்ப நல்லா இருக்கு!"

அவள் கத்தியது தையல் பகுதிவரை கேட்டது. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவள் போனை மேஜையில் வைத்து ஏழு பேருக்கும் காட்டினாள். கிராசியெத் தன் கையுறையைக் கழற்றி விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தாள்.

அன்று மத்தியானமே முதலாளி இரண்டு பெட்டி காகித முகமூடி வாங்கி அனுப்பினார். டாக்டரின் கடிதத்தைப் பார்த்துவிட்டு, அர்மிந்தாவைப் பசை மேஜையிலிருந்து எடுத்து, அதே கூடத்தின் கோடியில் ஷூக்களைப் பெட்டியில் போடும் வேலைக்கு மாற்றினார். கூடம் ஒன்றுதான், காற்றும் ஒன்றுதான். அவளுக்கு ஏதோ சலுகை காட்டியது போல ஆளாளுக்குப் பேசினார்கள்.

லக்ஸம்பர்க்கில் கட்டட வேலை பார்த்துக்கொண்டிருந்த கணவன் ஸெஃபெரினோ போனில் கெஞ்சினான். "விட்டுத் தொலை அர்மிந்தா. இங்க வந்துடு. ஊரோட எதுக்குப் பகை?"

"நான் வந்துடுறேன். மத்த ஏழு பேரையும் எந்த பஸ்ல ஏத்தட்டும்?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள். மறுநாள் தொழிலாளர் ஆய்வு அலுவலகத்துக்குப் படங்களோடு கடிதம் எழுதினாள்.

பிப்ரவரியில் ஓர் ஆய்வாளர் வந்தார். மெலிந்த மனிதர், அதிகம் பேசமாட்டார். சரக்கறை டின்களில் வெள்ளைத் தாள் எதுவும் இல்லை. தயிர் டப்பாக்கள் போய், சீட்டு ஒட்டிய புது ஜாடிகள் வந்திருந்தன. அவர் முகமூடிகளைப் பார்த்தார். "இது கடைசிப் படி, சென்யோர் வால்டெமார். முதல்ல பசைய மாத்த முடியுமான்னு பாக்கணும். முடியலன்னா ஆவி கிளம்புற எடத்துலயே இழுத்து வெளிய விடணும். அதுவும் பத்தலன்னாத்தான் முகமூடி. அதுலயும் இந்தக் காகிதம் தூசியத்தான் தடுக்கும், ஆவியத் தடுக்காது. நீங்க கடைசிப் படியில, அதுவும் ஓட்டைப் படியில ஏறி நிக்கிறீங்க." பெண்கள் நாள் முழுக்கக் காற்றில் எதைச் சுவாசிக்கிறார்கள் என்று அளக்க, மறுவாரம் கருவிகளோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுவாரம் அவர் வந்த காலையில் கூடத்தின் ஆறு ஜன்னல்களும் விரியத் திறந்திருந்தன. சுவர் விசிறி உறுமிக்கொண்டிருந்தது. வெளியே புல்லெல்லாம் உறைபனி. பெண்கள் கோட்டைக் கழற்றாமல், விறைத்த விரல்களில் தூரிகை பிடிக்க முடியாமல் நின்றார்கள். ஆய்வாளர் ஒவ்வொருத்தியின் காலரிலும் சின்னக் குழாய் ஒன்றை மாட்டினார். முதலாளி பக்கத்திலேயே நின்று, காற்றோட்டத்தில் கம்பெனி எப்போதும் கண்டிப்பு என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

அர்மிந்தா பெட்டிகளை வைத்துவிட்டு நடந்தாள். வலது கால் முன்பாதம் தொங்கித் தரையில் இழுபட்டது. முதல் ஜன்னலைச் சாத்தினாள். இரண்டாவதைச் சாத்தினாள்.

"அர்மிந்தா, என்ன பண்ற? போய் உக்காரு" என்றார் முதலாளி.

"இருபத்தி நாலு வருஷமா நின்னுக்கிட்டுதான் வேலை பாத்தேன். ஒரு நாளும் உக்காரச் சொன்னதில்ல. இன்னைக்கு என்ன திடீர்னு?" மூன்றாவது ஜன்னலின் கொக்கி இறுகியிருந்தது. கையால் தட்டித் தட்டி இறக்கினாள். ஆய்வாளர் பக்கம் திரும்பினாள். "அளக்கறதா இருந்தா நாங்க சுவாசிக்கிற காத்த அளங்க ஐயா. இது விருந்தாளிக்கு வச்ச காத்து."

கிராசியெத் நாலாவது ஜன்னலுக்குப் போனாள். "எனக்கும் எட்டு மாசமா விரல்ல உணர்ச்சி இல்ல" என்று யார் முகத்தையும் பார்க்காமல் சொல்லிவிட்டுச் சாத்தினாள். மீதி இரண்டையும் யார் சாத்தினார்கள் என்று பிறகு எவருக்கும் நினைவில்லை. விசிறியை நிறுத்தியது அபிலியு. தினமும் இதை அணைத்து வைப்பதுதான் வழக்கம் என்று ஆய்வாளரிடம் சொன்னார்.

காற்றில் பத்து லட்சம் பங்குக்கு இருபது பங்குவரை அந்தப் பசையின் ஆவி இருக்கச் சட்டம் விட்டுக்கொடுக்கிறது. மேஜையில் அறுபத்தெட்டு இருந்தது. அந்தப் பசையைத் தொடக்கூடாது என்று அதே வாரம் உத்தரவு வந்தது, அபராதமும் வந்தது. பத்தே நாளில் பழைய தண்ணீர்ப் பசை திரும்பி வந்தது. காய்வதற்கு ஒரு சின்னச் சூட்டுப்பெட்டி வாங்கி வைத்தார்கள். ஒரு மாதம் ஜோடிக் கணக்கு குறைந்தது, பிறகு பழையபடி ஆயிற்று. அர்மிந்தாவுக்கு ரத்தம் கொதித்தது அப்போதுதான் அதிகம். பத்து நாள் வேலை. ஒரு சூட்டுப்பெட்டி. இதற்காகவா?

எட்டுப் பேரையும் அபிலியுவையும் சோதித்தார்கள். ஐந்து பெண்களுக்கு நரம்பில் சேதம் இருந்தது. அபிலியுவுக்கும் இருந்தது.

பசை போன பிறகும் அர்மிந்தாவின் கால் நாலு மாதம் மோசமாகிக்கொண்டே போனது. அப்படித்தான் ஆகும், அப்புறம்தான் மெல்லத் திரும்பும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஊருக்கு அது தெரியாது. "பசைதான் போயிடுச்சே, இன்னும் ஏன் இழுக்குற?" என்று காபிக் கடையில் ஒருத்தன் கேட்டான். "கம்பெனிய மூட வைக்கப் பாத்தா" என்றாள் இன்னொருத்தி, காதில் விழும்படியாகவே. ரொட்டிக் கடைக்காரி ஒரு வருஷம் அவளுக்கு வணக்கம் சொல்லவில்லை. இது தொழிலால் வந்த நோய்தான் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்ட கடிதம் வர இரண்டு வருஷம் ஆயிற்று. அதற்குள் கட்டைவிரலில் கொஞ்சம் உணர்ச்சி திரும்பியிருந்தது. கால் மோசமானபோது நின்றுபோன வேலைக்கும் திரும்பினாள், தரம் பார்க்கும் மேஜைக்கு. பாதுகாப்புக்குத் தொழிலாளர் சார்பில் ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்கத் தேர்தல் வைத்தபோது எழுபது ஓட்டில் ஐம்பத்தொன்று அவளுக்கு விழுந்தது. புதிதாக எந்த டின் வந்தாலும் அவள் படித்து முடிக்காமல் மூடி திறக்காது. அவள் படிக்கிற வேகம் பற்றி அபிலியு முணுமுணுப்பார், ஆனால் காத்திருப்பார்.

போன வசந்தத்தில் ஜெர்மனிக்காரர்கள் வந்தார்கள். வாசலில் கண்ணாடி போட்ட ஒரு சான்றிதழ், பாதுகாப்பில் முன்னோடி என்று. முதலாளி அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள அர்மிந்தாவைக் கூப்பிட்டார்.

"வா அர்மிந்தா. இதுல உன் பங்கும் இருக்குல்ல."

"என் பங்கு ஆஸ்பத்திரி கோப்புல இருக்கு, சென்யோர் வால்டெமார். அதுக்குக் கண்ணாடி போடுங்க, வந்து நிக்கிறேன்."

அவர் சிரித்துச் சமாளித்தார். மொழிபெயர்க்க வந்த பெண் அதை மொழிபெயர்க்கலாமா வேண்டாமா என்று விழித்தாள். சாப்பாட்டு மணி அடித்தது. அர்மிந்தா கைத்தடியை எடுத்துக்கொண்டு, கீரை சூப் ஆறிவிடும் என்று சொல்லிவிட்டு, கிராசியெத்தோடு போய்விட்டாள்.