ரிலீவர் வராத ஞாயிறு

மழை ஓய்ந்ததும் முப்பிடாதியின் கால்கள் துறுதுறுக்கத் தொடங்கிவிடும். தை பிறந்தால் திருவிழா நடக்கும் ஊர்களில் எல்லாம் சைக்கிள் பந்தயம் வரும். ஆனி வரை ஓயாது. அதற்குள் உடம்பைத் தேற்றியாக வேண்டும். சுரண்டையிலிருந்து வந்து, ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் பிரஸ் மெஷினில் நின்ற இரண்டு வருடமும் அவன் அப்படித்தான் தயாரானான். இரண்டு வருடமும் சுப்பிரமணி அவனைத் தன் குழுவில் எடுக்கவில்லை.

சுப்பிரமணி குன்றத்தூரில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். சீசன் தொடங்கும் முன் தேர்வு வைத்து, ஜெயித்தவனுக்குக் கியர் சைக்கிள் கொடுத்து, ஊர் ஊராகப் பந்தயத்துக்கு அழைத்துப் போவார். 2012 சீசனுக்கு ஒரே ஓர் இடம்தான் காலி. அது தனக்கு என்றே முப்பிடாதி நம்பியிருந்தான், அறைத்தோழன் வனமாமலை சைக்கிளில் ஏறும் வரை.

வனமாமலை நாங்குநேரிக்காரன். துணைக்கு ஆள் இருந்தால் சோம்பல் வராது என்று முப்பிடாதிதான் அவனை விடியற்காலையில் எழுப்பி அழைத்துப் போனான். முன்னால் போகிறவன் முதுகுக்குப் பின்னே காற்றுக்கு ஒதுங்கி, மூச்சைச் சேமித்து வைத்து, கடைசியில் பாய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவனும் அவனே. மார்கழி பிறப்பதற்குள் வனமாமலைக்கு ஒதுங்க முதுகே தேவைப்படவில்லை. வாலாஜாபாத் சாலை நெடுக அவன் முதுகைப் பார்த்தபடியே முப்பிடாதி மிதித்தான். அந்த முதுகை அவன் எப்படி வெறுத்தான் என்பதைக் கடவுள் மட்டுமே அறிவார்.

இருவரும் சாப்பிடும் மெஸ்ஸை நடத்துபவள் கிளாரா அக்கா. ஒருநாள் பரிமாறியபடியே அவள் சொன்னாள்: “இன்னாப்பா முப்பிடாதி, சர்ச்சுக்குப் போசொல்ல பாத்தேன். உன் ஃபிரண்டு காத்தாட்டம் போறான். நீ எங்கியோ பின்னால வந்துகினு கீறே.” சொல்லிவிட்டு வனமாமலையின் தட்டில் இன்னொரு முட்டையை வைத்தாள். வெறும் முட்டைதான். ஆனால் அன்று முப்பிடாதி பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டான்.

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை வைக்கப்பட்டது. அவசர ஆர்டர் என்று கம்பெனி அன்றைக்கும் லைனை ஓட்டியது. முப்பிடாதிக்குக் காலை ஷிப்ட்; வனமாமலைக்கு முந்தின இரவு ஷிப்ட். இருவருக்கும் ஒரே மெஷின். இவன் போய் நின்றால் அவன் விடுதலையாகி நேராகப் பந்தயத்துக்குப் போய்விடலாம். அந்தக் கம்பெனியில், அடுத்த ஷிப்டுக்கு மாற்றிவிட வரும் ரிலீவர் வராமல் யாரும் மெஷினை விட்டு நகர முடியாது. வராவிட்டால் அடுத்த ஷிப்டும் அவனேதான் நிற்க வேண்டும்.

சனிக்கிழமை மாலை வனமாமலை சைக்கிளையும் எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான். அவன் தெருமுனை திரும்பியதும் முப்பிடாதி தன் செல்போனை அணைத்துவிட்டான். அவன் யாரையும் அடிக்கவில்லை, எதையும் உடைக்கவில்லை. வேலைக்கு வராமல் இருக்கப் போகிறான், அவ்வளவுதான். அந்த ஒன்றே வனமாமலையை மெஷினோடு கட்டிப் போட்டுவிடும்.

காலையில் தேர்வு தொடங்கும் இடத்தில் சுப்பிரமணி அவனைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “இன்னாபா, அந்தப் புதுப் பையன் வரலியா? அவனப் பாக்கத்தான் சீக்கிரமா வந்தேன்.”

டூட்டியில் இருக்கிறான் என்று சொல்லிவிட்டு முப்பிடாதி தலையைக் குனிந்துகொண்டான். தன்னை விட்டு அவனைத் தேடியதில் மூண்ட ஆத்திரத்தையெல்லாம் பெடலில் இறக்கினான். தண்டலத்திலிருந்து வந்திருந்த கல்லூரி மாணவனைக் கடைசியில் ஒரு சக்கர நீளத்தில் முந்தி ஜெயித்தான். கியர் சைக்கிள் அவன் கைக்கு வந்தது.

மாலையில் வனமாமலை அறைக்குத் திரும்பியபோது கண்கள் ரத்தமாய்ச் சிவந்திருந்தன. சுவரோரம் நின்ற சைக்கிளைக் கண்டதும் அந்தக் களைத்த முகம் மலர்ந்தது. கிரீஸ் படிந்த விரல்களைச் சட்டையில் துடைத்துவிட்டு ஹேண்டில்பாரைத் தொட்டுப் பார்த்தான்.

“ஜெயிச்சிட்டியால. நேத்து போற வழியிலதான் தோணிச்சு. உள்ள போனதுமே சூப்பர்வைசர்ட்ட சொல்லிட்டேன், காலையிலயும் நானே நிக்கேன், அவன விட்ருங்கன்னு. ரெண்டு வருசமா மிதிக்கவன், இந்தத் தடவ அவன் போவட்டும்னு நெனச்சேன். ஒன்ட்ட சொல்லத்தான் செக்யூரிட்டி போன்ல இருந்து அடிச்சு அடிச்சுப் பாத்தேன். ஆஃப்லயே கெடந்துச்சு.”

சிரித்துக்கொண்டே வந்தவன் அங்கே நின்றான். புருவம் சுருங்கியது.

“அப்பம், வரவேண்டாம்னு ஒனக்கு யாருல சொன்னா?”

முப்பிடாதி, இன்னும் அணைந்தே கிடந்த செல்போனைப் பாயின் அடியில் தள்ளினான். அதைப் பார்த்ததுமே வனமாமலைக்கு எல்லாம் புரிந்தது. அவன் திட்டியிருந்தால் முப்பிடாதி பிழைத்திருப்பான். அவனோ கொடியில் கிடந்த துண்டை உருவிக்கொண்டு குளிக்கப் போய்விட்டான்.

மறுநாள் வனமாமலை தனக்கு வேறு ரிலீவர் வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் கேட்டான். காரணம் சொல்லவில்லை. ஆனால் லைனில் ஒருவன் ரிலீவரை மாற்றிக் கேட்டால், பழையவனை நம்ப முடியாது என்று அர்த்தம்; அது அங்கே எல்லோருக்கும் தெரியும். மாத முடிவில் அறையையும் மாற்றிக்கொண்டான்.

அந்த சீசனில் முப்பிடாதி சில ஊர்களில் பரிசு வாங்கினான். எல்லாப் பந்தயத்திலும் யாரோ ஒருவனின் முதுகு முன்னால் போயிற்று. அந்த முதுகுகளில் ஒன்றைக்கூட அவனால் அப்படி வெறுக்க முடியவில்லை.

இப்போது வனமாமலையின் ரிலீவர் சக்திகுமார் என்றொருவன். ஷிப்ட் மாறும் நேரத்தில் வனமாமலை அவன் தோளைத் தட்டி, மெஷினைக் கைகாட்டி, ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு வெளியேறுவான். பக்கத்து லைனுக்கு மாற்றப்பட்ட முப்பிடாதி அதைப் பார்க்காதவன்போல் பார்ப்பான். வனமாமலையின் கால்களைப் பார்த்து எரிந்த வயிறு, இன்று சக்திகுமாரின் தோளைப் பார்த்து எரிகிறது.